சுறா எண்ணெயும் ஹனீபா நானாவின் பூட்டும்

காலையில் மீன் கொண்டுவரும் கிண்ணியாக்காரர் என் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். பெட்டியைத் திறக்காமலே சொன்னார்.

"ஐயா, கேற்றடி ஹனீபா நானா மௌத்தாகிட்டார்."

"ஆர் சொன்னது?"

"பள்ளிவாசல்ல அறிவிச்சிரிக்காங்க."

"நீர் பார்த்தனீரோ?"

"நான் எங்க பாத்த? விடியவே மீன் எடுக்கப் போயிட்டன்."

"அப்ப என்ன கதை கதைக்கிறீர்? பார்க்காமல் ஒரு மனிசனைச் சாக்காட்டுறதோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மீனும் விற்காமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பினால் ஹனீபா நானாவுக்குக் கெட்ட கோபம் வரும். அவருடைய சாவையே நான் அப்படி நம்பினால் மனிதர் எழும்பி வந்து ஏசுவார். சேர்ட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பொய்யாக இருக்கவேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். நேர்ந்தது கோணேசருக்கா அவருடைய அல்லாஹ்வுக்கா என்று எனக்கே தெரியாது.

துறைமுகத்தில் வேலை செய்த உங்களில் பலருக்கு அவரைக் கேற்றடியில்தான் தெரியும். வேலை முடிந்து போகிறவனின் பையைத் திறந்து பார்ப்பதோடு விடாமல், சாப்பிட்டு முடித்த சோற்றுப் பாத்திரத்தையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்த மனிதர் அவர். "மோப்ப நானா" என்று பட்டம் வைத்தது நீங்கள்தான். இப்போது அவரைப் போல நேர்மையானவர் இல்லை என்று கண்ணைத் துடைக்கிறவர்களும் நீங்கள்தான். மன்னிக்கவேண்டும், இந்தக் கண்ணீரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அவர் இருந்திருந்தால் அதையும் மணந்து பார்த்திருப்பார்.

நான் அவரை அறிந்தது கேற்றடிக்கு வருமுன்னர், ஆயுத அறையில். வெள்ளைக்காரன் போன பிறகு எங்கள் காவற்பிரிவுக்குச் சில பழைய பிஸ்டல்கள் கிடைத்திருந்தன. அவற்றை வைத்திருந்த அறைக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அவரிடம், மற்றதன் சாவி என்னிடம். ஒருவன் தனியே திறக்க முடியாது. எங்கள் இருவரையும் நம்பாத யாரோ ஒருவர் போட்ட ஏற்பாடு அது. எனக்கு அது அவமானமாக இருந்தது. ஹனீபா நானாவுக்கோ சரியான சந்தோசம். "இதுதான் புத்தியான வேல. நீங்க என்னப் பாருங்க, நான் ஒங்களப் பாக்கன்" என்றார் முதல் நாளே.

சொன்னபடி பார்த்தார். அந்தக் காலத்தில் என் சைக்கிள் சங்கிலி நன்றாக ஓடும். ஒரு நாள் காலை அவர் குனிந்து சங்கிலியை விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேலாயுதம், ஒங்கட சைக்கிள் ஏன் சத்தமில்லாமப் போகுது?"

"சத்தம் போட்டுக்கொண்டு போகோணுமோ நானா?"

"இல்ல. நம்மட துப்பாக்கி எண்ணெயும் இதே நிறந்தான். அதுதான் கேட்டன்."

எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. அது என் மச்சான் தந்த தையல் மெசின் எண்ணெய். அதை அடுத்த நாள் சொன்னபோது, "அப்பிடியா, நல்லம்" என்றார். நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாரமே துப்பாக்கி எண்ணெய் இருந்த தகரப் பேணியைத் தன் அலுமாரிக்குள் வைத்து, தன் காசில் வாங்கிய சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டிவிட்டார். காவற்காரர்கள் சைக்கிளுக்கும் பெண்சாதியின் தையல் மெசினுக்கும் எண்ணெயைக் கொண்டுபோகிறார்கள் என்பது அவருடைய முடிவு. யாராவது கேட்டால், "போன முற தந்தது எங்க போச்சு?" என்று திருப்பிக் கேட்பார். இரண்டு தரம் கேட்டவன் மூன்றாம் தரம் கேட்கமாட்டான்.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகும் ரவைக் கூட்டுக்கு மகசின் என்று பெயர். பொத்தானை அமத்தினால் அது வழுகிக் கைக்குள் விழும். துப்பாக்கி ஒன்று அறைக்குத் திரும்பி வந்தால் மகசினைக் கழற்றி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ரவை இல்லை என்று நான் பார்த்துச் சொல்லவேண்டும்: "பார்த்தன், காலி." பிறகு அவர் வாங்கி, சின்னி விரலை உள்ளே விட்டுத் தடவி, "நானும் பாத்தன், காலி" என்பார். நான் சொன்னது அவர் காதில் விழவே விழாததுபோல அவ்வளவு கவனமாகப் பார்ப்பார். இரண்டாவது ஆள் சொல்லாமல் பெட்டியை மூடக்கூடாது. இது எழுதி ஒட்டிய சட்டமல்ல, அவர் போட்ட சட்டம். "ஓராளிட கண் அவருக்கு வேண்டியதத்தான் பாக்கும்" என்பார்.

ஒரு வருஷம் கச்சான் என்கிற வறண்ட மேற்குக் காற்று தொடங்கியிருந்த நேரம். சீனன்குடாவுக்கு அப்பால் ஒரு பழைய இறங்குதுறையில் செப்புக் கம்பிச் சுருள்கள் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. அங்கே மூன்று பேர் ஒரு கிழமை தங்கிக் காவல் காப்பார்கள். துப்பாக்கிகளும் அந்த ஏழு நாளும் அவர்களோடுதான் இருக்கும். விபத்து வரக்கூடாது என்று பிஸ்டலுக்குள் வெறும் மகசினைப் போட்டிருப்பார்கள். ரவை நிரப்பியது இடுப்புப் பையில் இருக்கும். ஆபத்தென்றால் வெறும் மகசினை விழுத்திவிட்டு நிரப்பியதைச் செருகவேண்டும்.

அந்தக் கிழமை கடைசியில், உச்சி வெயிலில், மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தபோது வள்ளத்தில் ஆட்கள் வந்தார்கள். காவலில் நின்றவன் யோகநாதன், யோகன் என்போம், கட்டைபறிச்சான் ஊர்ப் பெடியன், புதுசாகக் கலியாணம் முடித்தவன். பொத்தானை அமத்தினான், மகசின் விழவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினான், கல்லில் தட்டினான், அசையவில்லை. வந்தவர்கள் அவன் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கம்பிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். வெறும் பிஸ்டலைப் பிடித்தபடி அவன் கரையில் நின்று கத்தியதை மற்ற இருவரும் ஓடி வந்தபோது பார்த்திருக்கிறார்கள்.

மற்ற இரண்டு பிஸ்டல்களின் மகசின்களும் அதேபோல ஒட்டிப்போயிருந்தன என்பது பிறகு தெரிந்தது. ஒன்று என்றால் பழுது, மூன்றும் என்றால் சதி. அப்படித்தான் எங்கள் பொறுப்பதிகாரி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லி என்ன? வள்ளம் கொட்டியாரக் குடாவைக் கடந்து யோகனின் ஊர்ப் பக்கம் போனது என்று ஒரு கதை. இல்லை, ஹனீபா நானாவின் ஊரான கிண்ணியாப் பக்கம் போனது என்று இன்னொரு கதை. இந்த இரண்டாவது கதையைக் கேட்டவர்கள் ஹனீபா நானாவை ஓரக் கண்ணால் பார்த்தார்கள். ஆயுத அறையின் ஒரு சாவி அவரிடம்தானே. மற்றச் சாவி என்னிடம் இருந்தபடியால் என்னையும் பார்த்தார்கள். அந்த நாட்களில் தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருத்தரும் இருக்கவில்லை.

விசாரணையில் பொறுப்பதிகாரி யோகனைப் பார்த்து நேராகவே சொன்னார். "ஒத்துக்கொண்டால் வேலையோடு போகும். இல்லாட்டி பொலிஸ், பிறகு சிறை." யோகன் அழுதுகொண்டே, "ஐயா, என்ர பெண்சாதியாணை எனக்கொண்டும் தெரியாது" என்றான். அப்போது ஹனீபா நானா எழுந்தார்.

"ஐயா, இவன் செய்யல்ல எண்டு சொல்லுறத நான் நம்பல்ல."

"பிறகென்ன?"

"செஞ்சான் எண்டு நீங்க சொல்லுறதயும் நம்பல்ல. எனக்கு ஒரு கிழம தாங்க."

அப்படி ஒரு ஆள் தன் முகத்துக்கு நேரே சொல்லுவார் என்று அதிகாரி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நியாயமான மனிதர். "சரி, ஒரு கிழமை. பெடியன் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

பிஸ்டல்களை ஆயுத அறைக்குக் கொண்டுவந்தோம். மகசின் உள்ளே இருக்கும்வரை ஒன்றையும் "காலி" என்று சொல்ல ஏலாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். மூன்றின் வாயும் வெளியே இருந்த மண்மூட்டையைப் பார்க்க மேசையில் வைத்துவிட்டுத்தான் தொட்டார். முதலில் இலக்கங்களைப் பார்த்தார். ஒன்றின் மகசினை இன்னொன்றில் மாற்றிப் போட்டால் இறுகும். மாறவில்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, துணியைச் சுற்றி மெல்ல மெல்ல இழுத்தார். முதலாவது வந்ததும் தகரம் எங்கேயாவது நசிந்து வீங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவினார். இல்லை. கச்சான் காற்றுத் தூசியா என்று பார்த்தார், அதுவுமில்லை. பொத்தானும் வில்லும் ஒழுங்காக வேலை செய்தன. மகசினின் பக்கங்களில் மட்டும் மெல்லிய மஞ்சள் தோல் ஒன்று படிந்திருந்தது.

"இது என்னெண்டு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதெண்டு அவசரமாச் சொல்லுறீங்களே" என்றார். அப்போதும் சங்கிலியை மறக்கவில்லை, பாருங்கள்.

அதற்கிடையில் எங்கள் அறையில் எலிக்காக வைத்திருந்த பூனை மேசையில் ஏறி, இன்னும் மண்ணெண்ணெய் படாத பிஸ்டல் ஒன்றின் கைப்பிடி அடியை நக்கத் தொடங்கியது. நான் விரட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பிஸ்டலை எடுத்து மணந்தார். அவர் கிண்ணியாக்காரர், நான் கடற்கரையில் குடியிருக்கிறவன். மீன் வாடை எங்கள் மூக்குக்கு வாடையே இல்லை. பூனைக்குத்தான் அது தனியாகத் தெரிந்திருக்கிறது.

யோகனைக் கூப்பிட்டார்.

"இதுல என்ன பூசினாய்?"

"சுறா எண்ணெய், நானா" என்றான் அவன், ஒரு வஞ்சகமும் இல்லாமல்.

"ஏன்?"

"உப்புக் காத்துக்குத் துருப் பிடிக்குது எண்டுதான். எங்கட அப்பு வள்ளத்துப் பலகைக்கு அதுதானே பூசுறவர், உப்புத் தண்ணி கிட்டவும் வராது. மற்ற ரெண்டு பேரின்ரைக்கும் நான்தான் பூசிக் குடுத்தனான்."

"என்னட்ட எண்ணெய் கேக்க ஏலாதா?"

"கேட்டனான் நானா. ரெண்டு தரம் கேட்டனான். போன முறை தந்தது எங்க எண்டு நீங்க ஏசினீங்கள்."

ஹனீபா நானா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெய் காய்ந்தால் தோல்போல இறுகும், அதனால்தான் பலகைக்கு நல்லது. மகசினுக்கும் கைப்பிடிக்கும் இடையில் போனால் அது ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இது அந்தப் பெடியனுக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் அதுவரை விளங்கவில்லை.

நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். "நானா, இதைச் சொன்னால் பெடியன் துலைஞ்சான். பூசினது அவன் கை. அதிகாரி வேறென்ன கேட்கப்போறார்? பழைய கிறீஸ் கட்டிப்போச்சு எண்டு சொல்லிவிடுவம்" என்றேன்.

"ஏலா."

"ஏன் ஏலாது?"

"பொய்யச் சொன்னா அத நாளைக்கி நானும் நம்போணும். நம்மளால அது ஏலா, வேலாயுதம்."

அதன் பிறகு செய்ததை அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். தன் பொறுப்பிலிருந்த இரண்டு பிஸ்டல்களை எடுத்து, ஒன்றின் மகசினில் யோகனின் போத்தலிலிருந்த சுறா எண்ணெயையும் மற்றதில் துப்பாக்கி எண்ணெயையும் பூசினார். அதிகாரியைக் கூட்டிவந்து இரண்டையும் அமத்திப் பார்க்கச் சொன்னார். இரண்டும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. திருப்பிச் செருகி, வெயில் படும் ஜன்னலடிப் பெட்டியில் வைத்தார். "ஐயா, எங்கட ரெண்டு பூட்டும் போதா. ஒங்கட பூட்டையும் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் கள்ளனெண்டே வச்சிக்கங்க" என்றார். அதிகாரி முதற்தடவையாகச் சிரித்தார். அந்தச் சின்னப் பெட்டியில் மூன்று பூட்டுத் தொங்கியது.

கிழமை முடிவில் மூவரும் திறந்தோம். துப்பாக்கி எண்ணெய் பூசியது விழுந்தது. மற்றது விழவில்லை. அதிகாரி தன் கையாலேயே அமத்தி, தட்டி, இழுத்துப் பார்த்தார். நெற்றியில் வேர்வை வந்ததுதான் மிச்சம். நானா விளக்கினார்.

"பூசின அண்டைக்கு விழும், ஐயா. எண்டைக்கு ஒட்டும் எண்டு பூசினவனுக்கே தெரியா. கள்ளனுக்கு நாள் குறிச்சுக் குடுக்கிற ஆள் இதால குடுக்க ஏலா. தன்ட துப்பாக்கிக்கும் பூசிக்கிட்டுத் தனியவும் நிக்கமாட்டான்."

"ஆனால் பூசினது இவன்தானே?"

யோகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஓம் ஐயா. பூசினது இவன். பூச வச்சது நான்" என்றார் ஹனீபா நானா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, தன் அலுமாரியைத் திறந்து, எண்ணெய்ப் பேணியை மேசையில் வைத்தார். முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது. "களவு போயிரும் எண்டு நான் பூட்டி வச்சன். எண்ணெய் களவு போகல்ல. செம்புக் கம்பிதான் போச்சி."

அந்தச் சிரிப்பில்லாத முகத்தை நான் மறக்கமாட்டேன். தன்னைக் காப்பாற்ற அவரிடம் எத்தனையோ வழி இருந்தது. எண்ணெய் வரவில்லை என்றிருக்கலாம், பெடியன் கேட்கவில்லை என்றிருக்கலாம். அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன், அதிகாரியும் நம்பியிருப்பார். மனிதர் எல்லாரையும் சந்தேகித்தார், சரி. தன்னை மட்டும் அதற்கு வெளியில் வைக்கவில்லை. எனக்கு அவரில் அன்றுதான் உண்மையான மரியாதை வந்தது, அதுவரை இருந்தது பயமும் எரிச்சலும்.

யோகனின் வேலை தப்பியது. ஹனீபா நானாவை ஆயுத அறையிலிருந்து எடுத்துக் கேற்றடியில் போட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த மோப்ப நானா அங்கேதான் தொடங்குகிறார். ஒரு தரம் மூக்கு ஏமாற்றிவிட்டது, இனி ஏமாறக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போகும்போது எண்ணெய்ப் பேணியை மேசையின் நடுவில் வைத்தார். "பூட்டாதீங்க. ஆனா ஆர் எடுக்கான் எண்டு பாருங்க" என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி, "நீங்களும் எடுக்காதீங்க" என்றார்.

கிண்ணியாத் துறையடியில் ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் மிதவையை, பாதை என்று நாங்கள் சொல்வோமே, அதைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் சனம் நிறைந்திருந்தது. அவர்களுடைய வழக்கப்படி மையத்தை, அதாவது உடலை, நெடுநேரம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, வேளைக்கே எடுத்துவிடவேண்டும். பெரியவர்கள் சிலர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகன் நசீர் என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"வந்திட்டீங்களா அங்கிள்? ஒங்களுக்காகத்தான் வச்சிக்கிட்டு இரிக்கம். டொக்டர் சொன்னாலும் நம்பவேணாமாம். வேலாயுதமும் யோகனும் வந்து பாத்துச் சொல்லாம என்னத் தூக்காதீங்க எண்டு வாப்பா சொல்லி வச்சவரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சற்று நேரத்தில் யோகனும் வந்து சேர்ந்தான். மூதூர்ப் பக்கமிருந்து துறை மாறித் துறை மாறி வந்தவன், முழங்கால்வரை சேறு. நரைத்துப்போயிருந்தான். நானா வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். வெள்ளைத் துணியை முகத்திலிருந்து விலக்கினார்கள்.

நான் முதலில் பார்த்தேன். அவசரப்படாமல், அவர் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். புருவம் இரண்டும் வழமைபோலக் கொஞ்சம் நெருங்கியிருந்தன. எதையோ இன்னும் நம்பாததுபோல இருந்தது முகம்.

"பார்த்தன்" என்றேன். மற்றச் சொல்லையும் சொன்னேன். "காலி."

யோகன் குனிந்தான். வெகுநேரம் குனிந்தபடி நின்றான். வெளியே ஒருவர் நேரமாகிறது என்றார். நசீர் கையைக் காட்டி அவரை நிறுத்தினான். இரண்டாவது ஆள் சொல்லாமல் மூடக்கூடாது என்பது அந்த வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

"நானும் பார்த்தன், நானா" என்றான் யோகன். "காலி."

அதன்பிறகுதான் தூக்கினார்கள்.

எண்ணெய்ப் பேணிக்கு அவர் போட்ட அந்தச் சின்னப் பூட்டை நசீர் என் கையில் தந்தான். வீட்டுச் சுவர் ஆணியில் இத்தனை காலமும் திறந்தபடியே தொங்கியதாம். இப்போது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் தேடவுமில்லை. தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலை ஜன்னலில் வெளியாகவே வைத்திருக்கிறேன். ஒழுங்கையில் யாருக்குத் தேவையென்றாலும் எடுக்கலாம், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.